லிங்க்ட்இன் படத்துக்கு ஏ.ஐ. ஹெட்ஷாட்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கடைசி வருட மாணவர்களுக்கும் வேலை மாற நினைப்பவர்களுக்கும் ரெஸ்யூம், லிங்க்ட்இன் (வேலை சார்ந்த சமூக வலைதளம்) பக்கம் இரண்டையும் சரிசெய்து கொடுக்கிறேன். முன்பெல்லாம் "என்ன எழுதுறது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இப்போது பாதிப் பேர் போட்டோவில் ஆரம்பிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்குப் பதில், வந்த கேள்விகளை வந்த மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

"ஏ.ஐ. ஹெட்ஷாட்னா என்ன அக்கா? இன்ஸ்டா ஃபில்டர் மாதிரிதானா?"

இல்லை. ஹெட்ஷாட் என்றால் தலையும் தோளும் தெரிகிற படம். ஃபில்டர் நீங்கள் எடுத்த படத்தின் மேல் பூசுகிற பூச்சு. அடியில் இருப்பது நீங்கள்தான். ஏ.ஐ. ஹெட்ஷாட்டில் கேமரா முன்னால் யாரும் நிற்கவே இல்லை. உங்கள் செல்ஃபிகளைப் பார்த்து முகத்தைக் கற்றுக்கொண்டு, புதிதாக ஒரு படத்தை வரைகிறது. பழைய டி.வி.யில் சேனல் வராதபோது புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அப்படி ஒரு புள்ளிக் கூட்டத்தில் தொடங்கி, படிப்படியாக அதைத் துடைத்து முகத்தை வெளியே கொண்டுவரும். இதற்கு டிஃப்யூஷன் என்று பெயர்.

இது பரவலானது 2022-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற, படம் வரையும் ஏ.ஐ. வெளியானது. அதே மாதம் கூகுள் ஆய்வாளர்கள் ட்ரீம்பூத் என்ற முறையை வெளியிட்டார்கள்: ஒருவருடைய 3 முதல் 5 படங்கள் இருந்தாலே போதும், அவரைப் புதுப்புது இடங்களில் வைத்து வரையலாம். ஆண்டுக் கடைசியில் லென்சா, 2023 நடுவில் ரெமினி என்று ஆப்கள் வரிசையாகப் பிரபலமாயின. இப்போது சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியானவை ஒரே ஒரு படத்தை வைத்தே செய்துவிடுகின்றன. இது வரைந்த படம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கீழே வருகிற பதில்களில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

"போட்டோ கண்டிப்பா வேணுமா? விட்டா என்ன?"

விட்டாலும் பக்கம் இயங்கும். ஆனால் பார்க்கிறவருக்கு நீங்கள் ஒரு சாம்பல் நிற உருவம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே ஆளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிடுகிறது என்று தெரிந்தது. அது நியாயமா என்பது வேறு விஷயம், நடப்பது அப்படித்தான். அதனால் போடுங்கள்.

"லிங்க்ட்இன் இதை அனுமதிக்குதா? அக்கவுண்டை முடக்கிடுவாங்களா?"

அனுமதிக்கிறது. ஏ.ஐ. மூலம் படத்தை மெருகேற்றலாம், உருவாக்கவும் செய்யலாம். ஆனால் அது உங்கள் சாயலில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கம்பெனி லோகோ, சாமி படம், இயற்கைக் காட்சி, வேறொருவர் முகம் இதெல்லாம் கூடாது. விதியை மீறிய படத்தை அவர்களே எடுத்துவிடலாம்.

அளவு பற்றியும் கேட்கிறார்கள். குறைந்தது 400க்கு 400 பிக்சல், 8 எம்.பி.க்குள். வட்டத்துக்குள் காட்டுவார்கள் என்பதால் தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள்.

"எத்தனை செல்ஃபி கொடுக்கணும்? எப்படிப்பட்டது?"

ஆப்பைப் பொறுத்து ஒன்று முதல் இருபது வரை கேட்பார்கள். எண்ணிக்கையை விடத் தரம்தான் முக்கியம். ஒரே நாளில் ஒரே சட்டையில் ஒரே சுவர் முன்னால் எடுத்த பத்துப் படம், ஒரு படத்துக்குச் சமம். வேறு வேறு நாள், வேறு வெளிச்சம், நேராகவும் லேசாகத் திரும்பியும், சிரித்தும் சிரிக்காமலும் கலந்து கொடுங்கள்.

பியூட்டி மோடைக் கண்டிப்பாக அணையுங்கள். நிறைய போன்களில் அது தானாகவே வேலை செய்துகொண்டிருக்கும். போன் ஒரு முறை வெளுத்துக் கொடுத்ததை ஏ.ஐ. இன்னொரு முறை வெளுக்கும். அப்புறம், செல்ஃபி கேமரா சில போன்களில் இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். வகிடும் மூக்குத்தியும் பக்கம் மாறிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். பின் கேமராவில் யாரையாவது எடுக்கச் சொல்வது நல்லது. மூன்று வருடத்துக்கு முந்தைய கல்யாண ஆல்பம் படங்களைக் கலக்காதீர்கள். அப்போது இருந்த முடியும் இப்போது இருக்கிற முகமும் சேர்ந்து, யாருமே இல்லாத ஓர் ஆள் வந்து நிற்பார்.

"இலவசம் போதுமா? காசு கட்டணுமா?"

முதலில் இலவசத்தில் பாருங்கள். பொதுவான சாட்பாட்களிலேயே பின்புலம் மாற்றுவது, வெளிச்சம் சரிசெய்வது நன்றாக வருகிறது. பணம் கட்டினால் நூறு படம் தருவதாகச் சொல்கிற இடங்களில், உங்கள் ஜாடை அப்படியே இருப்பது ஐந்தாறுதான் தேறும் என்பது நான் பார்த்தது.

"மூன்று நாள் இலவசம்" என்று வருவதில் கவனமாக இருங்கள். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும், யு.பி.ஐ. ஆட்டோபே இருந்தால் அதையும் பாருங்கள். என்னிடம் படிக்கிற ஒரு பையனுக்கு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வைத்திருந்த பணம் இப்படித்தான் போனது.

"படம் சூப்பரா இருக்கு. ஆனா நான் மாதிரி இல்லையோன்னு ஒரு சந்தேகம்..."

சந்தேகம் வந்துவிட்டதா? அப்படியானால் அது நீங்கள் இல்லை. இதில்தான் எனக்கு ரொம்ப அக்கறை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு மாணவி படம் அனுப்பினாள். கருநீலக் கோட், பின்னால் கண்ணாடி அலுவலகம், எல்லாம் பளிச்சென்று இருந்தது. அவளுக்கு இடது கன்னத்தில், உதட்டோரத்துக்குக் கொஞ்சம் மேலே, கடுகளவு மச்சம் உண்டு. டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதியிருப்பதே அதைத்தான். படத்தில் அது இல்லை. முன்பற்கள் நடுவில் இருந்த சின்ன இடைவெளியும் இல்லை. தாடை கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான். ஆனால் அவள் அம்மாவிடம் போனை நீட்டியபோது, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "யாருடி இது, உன் கூடப் படிக்கிற பிள்ளையா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஏ.ஐ. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது. எது அதிகம் வருகிறதோ அந்தப் பக்கம் சாயும். மச்சம், தழும்பு, பல் இடைவெளி, ஒரு புருவம் ஏறி ஒன்று இறங்கியிருப்பது எல்லாம் அதற்கு அழுக்கு மாதிரி, துடைத்துவிடும். உங்களை அடையாளம் காட்டுவதே அவைதான். அதனால் நான் எல்லோருக்கும் சொல்கிற ஒரே சோதனை இது: படத்தை வீட்டில் ஒருவரிடமும், உங்களை ஒரு முறை மட்டும் பார்த்த ஒருவரிடமும் காட்டுங்கள். "இது யார்?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். இருவரும் தயங்காமல் உங்கள் பெயரைச் சொன்னால் போடலாம். இன்டர்வியூ அறைக்குள் நுழையும்போது எதிரே இருப்பவர் உங்களைத் தேடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

"என்னை நல்லா வெளுப்பாக்கிடுச்சு. நல்லாத்தானே இருக்கு, விட்டுடலாமா?"

விடாதீர்கள். அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இது உங்கள் படத்தில் மட்டும் நடப்பதில்லை. 2023-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த ஆசிய வம்சாவளி மாணவி ஒருவர், லிங்க்ட்இன்னுக்குத் தகுந்த மாதிரி தன் படத்தைத் தொழில்முறையாக ஆக்கித் தரும்படி ஓர் ஏ.ஐ. கருவியிடம் கேட்டார். அது அவருக்கு வெளுத்த தோலும் நீலக் கண்ணும் கொடுத்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. "தொழில்முறை" என்றால் எப்படிப்பட்ட முகம் என்று அந்தக் கருவி பார்த்துப் பழகியிருந்ததோ, அதைத்தான் கொடுத்தது. முகங்களைப் படிக்கிற மென்பொருள்களில் இந்தக் கோளாறு அதற்கு முன்பே தெரிந்ததுதான். 2018-ல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த ஓர் ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது.

நம் ஊர் ஸ்டுடியோவிலும் "கொஞ்சம் கலர் ஏத்திடவா?" என்று கேட்காமலே ஏற்றிவிடுவார்கள், தெரியும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததால்தான் வெளுத்த படம் நமக்கு "நல்லா" தெரிகிறது. உங்கள் நிறத்தில் திருத்த வேண்டியது ஒன்றும் இல்லை. இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லுங்கள், நிறத்தைத் தொடாதே என்று தனியாக எழுதுங்கள். "தோல் நிறம், முக அமைப்பு, மச்சம், தழும்பு எதையும் மாற்றாதே. பின்புலத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் மாற்று" என்று நான் எழுதுகிறேன். தமிழிலேயே எழுதினாலும் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. வந்த படத்தையும் உங்கள் கையையும் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

"பொட்டு, மூக்குத்தி, விபூதி, ஹிஜாப் எல்லாம் எடுத்துட்டு எடுக்கணுமா?"

வேண்டாம். தினமும் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள். ஏ.ஐ. இவற்றில் அடிக்கடி தடுமாறும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பொட்டு புருவ மத்தியிலிருந்து நெற்றிக்கு ஏறிவிடும். வலது மூக்குத்தி இடதுக்குப் போகும். விபூதிப் பட்டை காயம் மாதிரி ஆகும். சேலை என்றால் முந்தானை எந்தத் தோளிலிருந்து வருகிறது, மடிப்பு எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது, துப்பட்டாவும் இல்லாமல் சேலையும் இல்லாமல் ஏதோ ஒரு துணியைச் சுற்றிவிடும். ஹிஜாப் ஓரத்தில் கேட்காமலே நெற்றி முடியை வரைந்துவிடும். அது அணிபவருக்கு எவ்வளவு சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை. பெரிதாக்கிப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள்.

"நான் கோட் போட்டதே இல்லை. கோட்டோட வர்ற படம் பொய்தானே?"

உடையை நான் பொய் என்று நினைக்கவில்லை. நம் ஸ்டுடியோக்களில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட் தொங்கும், எல்லோருக்கும் அதுதான். பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள். எத்தனையோ பேரின் முதல் வேலைக்கான படம் அந்தக் கோட்டில் எடுத்ததுதான். ஏ.ஐ. கோட் அதைப் போலத்தான். ஆனால் உங்கள் துறையில் யாரும் கோட் போடுவதில்லை என்றால் இஸ்திரி போட்ட சட்டையே பொருத்தம். பின்னலாடை ஏற்றுமதி, பள்ளி, கட்டட வேலை, மென்பொருள், எதிலுமே சட்டை போதும்.

தகுதியைக் காட்டுகிற உடை வேறு கதை. படிப்பை முடிக்காமல் டாக்டர் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும், பதிவு செய்யாமல் வக்கீல் கவுனும் கழுத்துப் பட்டையும், பைலட் சீருடை, இவற்றை வரையவே சொல்லாதீர்கள்.

"ஹெச்.ஆர். கண்டுபிடிச்சிடுவாங்களா?"

சிலர் கண்டுபிடிப்பார்கள், சிலர் மாட்டார்கள். இரண்டு காதிலும் வேறு வேறு கம்மல், மூக்குக் கண்ணாடியின் கம்பி முடிக்குள் கரைந்து போவது, காலர் ஒரு பக்கம் மட்டும் மடிந்திருப்பது, மெழுகு மாதிரித் தோல், இவை காட்டிக்கொடுக்கும். ஆனால் 2022-ல் வந்த ஓர் ஆய்வில், ஏ.ஐ. உருவாக்கிய முகங்களை நிஜ முகங்களிலிருந்து மக்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொய் முகங்களைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார்கள். சில கருவிகள் படத்துக்குள்ளேயே முத்திரையும் வைக்கின்றன. கூகுளின் சின்த்ஐடி கண்ணுக்குத் தெரியாது, மென்பொருள் படித்துவிடும்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சந்தேகப்படுவதற்கு நியாயமான காரணம் உண்டு. அதே 2022-ல், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் லிங்க்ட்இன்னில் ஏ.ஐ. முகம் போட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலிக் கணக்குகளைக் கண்டுபிடித்தார்கள். ரொம்பவும் பூசி மெழுகிய படம், உண்மையான உங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடும். யாராவது "இது ஏ.ஐ.யா?" என்று நேரே கேட்டால் "ஆமாம், என் போட்டோவில் பின்புலமும் சட்டையும் மாற்றியது" என்று சொல்லிவிடுங்கள். முன்பே சொன்ன அம்மா சோதனையில் தேறிய படம் என்றால், அதைச் சொல்லத் தயக்கமே இருக்காது.

"என் செல்ஃபி எல்லாம் எங்கே போகும்? பயப்படணுமா?"

பயம் வேண்டாம், ஜாக்கிரதை வேண்டும். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் படியுங்கள்: படங்களை எத்தனை நாளில் அழிப்பார்கள், தங்கள் ஏ.ஐ.க்குப் பயிற்சி கொடுக்க அவற்றைப் பயன்படுத்துவார்களா. இரண்டும் எங்கேயும் எழுதவில்லை என்றால் அந்த ஆப் வேண்டாம். டெலிகிராமில் "படம் அனுப்பு, ஹெட்ஷாட் தர்றேன்" என்கிற கணக்குகளுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கேலரி அனுமதி கேட்டால் "தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்" என்று கொடுங்கள். தோழியோடு எடுத்த படம் என்றால் தோழியை வெட்டிவிட்டு ஏற்றுங்கள், அவள் சம்மதம் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் கணக்குக்குள் போய்ப் படங்களை அழியுங்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கக் கேட்கவும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது.

"இதே படத்தை பாஸ்போர்ட், விசா, கவர்மென்ட் எக்ஸாமுக்கு ஏத்தலாமா?"

கூடாது. லிங்க்ட்இன் படம் அறிமுகத்துக்கு, இவை அடையாளத்துக்கு. அமெரிக்க விசாவுக்கு, மென்பொருளால் தோற்றத்தை மாற்றிய படம் கூடாது என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடியும் போடக் கூடாது. தேர்வு மையங்களில் நுழைவுச் சீட்டையும் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு வருடப் படிப்பை ஒரு படத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள். ஸ்டுடியோவுக்குப் போங்கள்.

"மேட்ரிமோனிக்கு?"

வேண்டாம். ஜாதகத்தோடு படமும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நேரில் வரும் நாளில் இரண்டு வீட்டாருக்கும் அது மனக்கசப்பு.

"என் பொண்ணு போட்டோவை நெட்ல போட பயமா இருக்குங்க. ஏ.ஐ.ல வேற முகம் வெச்சுப் போட்டா பாதுகாப்புதானே?"

ஒரு அப்பா கேட்டது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, படங்களை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேறு முகம் வைத்தால் மேலே சொன்ன சாயல் விதியை மீறுவதாகிவிடும், மகளின் பக்கம் போலிக் கணக்கு மாதிரியும் தெரியும். அதற்குப் பதில் லிங்க்ட்இன் அமைப்புகளில் படம் யாருக்குத் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்: இணைப்பில் உள்ளவர்களுக்கு மட்டும், அவர்கள் வழி வலைப்பின்னலுக்கு, எல்லா உறுப்பினர்களுக்கும், பொதுவில் எல்லோருக்கும். முதலாவதில் வைத்துவிட்டு, வேலை தேடும் மாதங்களில் மட்டும் விரிக்கச் சொல்லுங்கள். அவர் விருப்பத்தையும் கேளுங்கள், படம் அவருடையது.

"ஏ.ஐ.யும் வேண்டாம், ஸ்டுடியோவுக்கும் போக முடியலைன்னா?"

ஜன்னல் போதும். காலை எட்டு மணி வாக்கில், நேர் வெயில் அடிக்காத ஜன்னலைப் பார்த்து, முகம் லேசாக ஒரு பக்கம் திரும்பியிருக்கும்படி நில்லுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகம் பச்சையடிக்கும். நிழல் விழும் பக்கம் நாற்காலி மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் தொங்கவிட்டால் கன்னத்து இருட்டு குறையும். போனைக் கண் உயரத்தில் வையுங்கள், ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். பின் கேமரா, பத்து நொடி டைமர், இரண்டு மடங்கு ஜூம். முப்பது படமாவது எடுங்கள். அப்புறம் பின்னால் தெரியும் கொடிக்கயிறையும் அலமாரியையும் மறைக்க மட்டும் ஏ.ஐ.யைக் கூப்பிடுங்கள்.

மச்சம் காணாமல் போன அந்த மாணவியின் படத்தையும் பிறகு இப்படித்தான் எடுத்தோம். ஹாஸ்டல் ஜன்னலோரம் இரும்புக் கட்டில், அதன் மேல் டிரங்குப் பெட்டி, அதில் சாய்த்து வைத்த போன். அறைத்தோழி வேட்டிக்குப் பதில் பெட்ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். டைமர் ஓடும்போது அவள் ஏதோ சொல்ல இவள் சிரித்துவிட்டாள், பல் இடைவெளி நன்றாகவே தெரிகிறது. அதைத்தான் அம்மாவுக்கு அனுப்பினாள்.